வானத்துக்கு மதிப்பெண் போடுவது: அன்டோனியாடியும் பிக்கரிங்கும்

நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவில் தொலைநோக்கியைத் திருப்பினால் வியாழன் கொதித்துக்கொண்டிருக்கும். லேசாக மங்கல் படர்ந்த இரவிலோ அதே வியாழனின் பட்டைகள் அசையாமல் நிற்கும். அதனால்தான் காற்றின் அமைதிக்கு, அதாவது சீயிங்குக்கு ஒரு மதிப்பெண், வானத்தின் தெளிவுக்குத் தனியாக ஒன்று என்று பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகிறேன்.

முதலில் பயன்படுத்தியது அமெரிக்க வானியலாளர் வில்லியம் பிக்கரிங் சீயிங்குக்கு வகுத்த 1 முதல் 10 வரையிலான அளவுகோல். உச்சிக்கு அருகே உள்ள ஒரு நட்சத்திரத்தை அதிக உருப்பெருக்கத்தில் பார்க்க வேண்டும். காற்று அமைதியாக இருந்தால் நடுவில் சிறு வட்டு, சுற்றிலும் மெல்லிய வளையங்கள் தெரியும். 3-க்குக் கீழே எல்லாம் ஒரே குழம்பல். 8-இல் வட்டு கூர்மையாக நிற்கும், வளையங்கள் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். 10-இல் எதுவுமே அசையாது. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம், வளையத்துண்டுகள் 'அடிக்கடி' தெரிகின்றனவா 'தொடர்ந்து' தெரிகின்றனவா என்பதுதான். கண் சோர்ந்த நேரத்தில் இதை யார் பிரித்துச் சொல்வது? தவிர, பிக்கரிங் இதை வகுத்தது 5 அங்குலத் தொலைநோக்கியை வைத்து. பெரிய கருவியில் அதே இரவு குறைந்த மதிப்பெண்தான் வாங்கும்.

கோள்களுக்கு இப்போது நான் பயன்படுத்துவது, வானியலாளர் அன்டோனியாடி சீயிங்குக்கு வகுத்த ஐந்து படிகள்தான். I என்றால் துளி நடுக்கம்கூட இல்லை. II என்றால் லேசான அலைவு, இடையிடையே சில நொடி அமைதி. V என்றால் தோராயமாக வரைவதுகூடக் கஷ்டம். எனக்குப் பெரும்பாலும் III-தான் கிடைக்கிறது. அந்தப் படி ரொம்ப அகலம் என்பதால், அமைதி எத்தனை நொடி நீடித்தது என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுகிறேன். உண்மையில் கோளின் நுணுக்கங்கள் பிடிபடுவது அந்த நொடிகளில்தான்.

மதிப்பெண் போடும் முன் ஒரு சோதனை அவசியம். நட்சத்திரத்தைக் கொஞ்சம் குவியம் விலக்கிப் பாருங்கள். வட்டத்துக்குள் ஒரு பக்கமாகப் புகைபோல் மெதுவாக எழுந்தால், அது குழாய்க்குள் இருக்கும் வெப்பம்; கருவி ஆறும்வரை பொறுங்கள். அலைகள் ஒரே திசையில் வேகமாக ஓடினால் அது மேலே வீசும் காற்று, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அப்புறம், உயரம். அடிவானத்திலிருந்து 30 பாகையில் உள்ள கோளின் ஒளி, உச்சியில் இருப்பதைப்போல் இரு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதையும் பதிவில் சேருங்கள்.

2001-இல் வந்த போர்ட்டில் அளவுகோலை இதோடு கலக்க வேண்டாம். அது இருட்டை மட்டுமே அளப்பது.

புதிதாகத் தொடங்குபவருக்கு அன்டோனியாடியையே சொல்வேன். நெருக்கமான இரட்டை நட்சத்திரங்களைப் பார்ப்பவருக்குப் பிக்கரிங் நன்றாகவே உதவும். ஆனால் எண்ணோடு கருவியின் விட்டத்தையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் இன்னொருவரின் பதிவோடு ஒப்பிடவே முடியாது.