தண்ணீர் பட்ட பட்டன் போன்: கீபேடைச் சுத்தம் செய்வதா, டோம் ஷீட்டை மாற்றுவதா?

5 அழுத்தினால் 8 விழுகிறதா? முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அரிசியில் புதைப்பது வீண். உள்ளே படிந்த உப்பை அரிசி எடுக்காது.

செலவு: சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போதும். டோம் ஷீட்டும் (பட்டன்களுக்கு அடியில் ஒட்டியிருக்கும், சின்ன உலோகக் குமிழ்கள் கொண்ட ஸ்டிக்கர்) மலிவுதான், கடையில் கொடுத்தால் கூலி சேரும்.

உழைப்பு: பச்சைக் களிம்பு லேசாக இருந்தால் சுத்தம் செய்ததே நன்றாக ஓடும். ஷீட்டின் பசைக்குள் ஈரம் புகுந்திருந்தால் பட்டன் மறுபடி மக்கர் செய்யும். அப்போது மாற்றுவதுதான் சரி. ஆனால் போர்டில் ஒவ்வொரு டோமும் தொடும் உலோக வட்டங்களைத் துடைக்காமல் புது ஷீட் ஒட்டினால் காசு தண்டம்.

எளிமை: சுத்தம் செய்வது வீட்டிலேயே முடியும். ஷீட் ஒட்டும்போது ஒவ்வொரு டோமும் வட்டத்தின் நடுவில் உட்கார வேண்டும்.

நல்ல தண்ணீர் என்றால் சுத்தம்; கடல் தண்ணீர், டீ என்றால் துடைத்துவிட்டு ஷீட்டை மாற்றிவிடுங்கள். வட்டமே அரித்துப்போயிருந்தால் இரண்டும் உதவாது.