வெப்சைட்டை வடிவாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் டொமைன் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சிறு தொழில் செய்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். பனையோலைப் பொருட்கள், புழுக்கொடியல், பனங்கட்டி விற்கும் எங்கள் பெண்கள் குழுவின் இணையத்தளத்தைத் தங்கச்சியின் மகள்தான் வேர்ட்பிரஸ் என்ற, தளம் கட்டும் மென்பொருளில் செய்தாள். எல்லாம் சரியாக வேலை செய்தது, பார்வைக்குத்தான் எடுப்பில்லை. லண்டன், கனடாவில் இருப்பவர்கள் நம்பிக் காசு அனுப்ப வேண்டுமே என்று ஏ9 வீதியோரம் ஒரு டிசைன் கடைக்குப் போனோம்.

"அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, கொம்பனி சைட் மாதிரி வடிவாச் செய்து தாறன்" என்றார் கடைக்காரர். 35,000 ரூபா பேசி, பாதியை முற்பணமாக வாங்கினார். வேகமான சேர்வருக்கு (தளம் இருக்கும் கணினிக்கு) மாற்ற வேண்டும் என்று டொமைன் (இணைய முகவரி) கணக்கின் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டார்.

அவருடைய லாப்டொப்பில் தளம் அழகாகத்தான் இருந்தது. எங்கள் போனில் திறந்தால் தலைப்பெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். பழைய துண்டுப்பிரசுரத்தில் பாமினி எழுத்துருவில் அடித்திருந்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார். பாமினி, எல்லாப் போன்களுக்கும் பொதுவான யூனிகோட் முறை அல்ல. அந்த எழுத்துரு இல்லாத போனில் அது தமிழாகத் தெரியாது, கூகுளும் அதைத் தமிழாக வாசிக்காது. நீத்துப்பெட்டி என்று தேடுகிறவர் எங்களிடம் எப்படி வந்து சேருவார்? அதைவிட, எங்கள் அக்காமார் இழைத்த பெட்டிகளின் படங்களைத் தூக்கிவிட்டு, எங்கோ கிடந்த மூங்கில் கூடைப் படங்களைப் போட்டிருந்தார். காசு போனதற்குக்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

தளத்தின் தோற்றத்துக்குப் போட்ட தீமும் களவுப் பிரதி. கொஞ்ச நாளில் கூகுளில் எங்கள் பெயருக்குக் கீழே சூதாட்டப் பக்கங்கள் வரத் தொடங்கின. களவாகப் பரவும் கட்டணத் தீம்களுக்குள் இப்படி எதையாவது ஒளித்துவைப்பார்கள். திருத்தச் சொன்னதற்கு மேலும் காசு கேட்டார். மறுத்தோம். அப்புறம்தான் டொமைனைத் தன் கணக்குக்கு மாற்றியிருப்பது தெரிந்தது. இப்போது போனே எடுப்பதில்லை.

சேர்வர் மாற்ற டொமைன் பாஸ்வேர்ட் வேறு யாருக்கும் தேவையில்லை. டொமைன் எந்தச் சேர்வரைக் காட்ட வேண்டும் என்ற டிஎன்எஸ் விபரத்தை டிசைன் செய்பவர் சொல்ல, நீங்களே உங்கள் கணக்கில் மாற்றலாம். ஓத் கோட் (Auth Code) கேட்டால் கொடுக்கவே வேண்டாம், டொமைனை வேறு இடத்துக்குக் கொண்டுபோக அதுதான் சாவி. வேர்ட்பிரஸில் அவருக்குத் தனிப் பயனர் கணக்குத் திறந்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். தொடங்கும் முன் முழுத் தளத்தையும் பேக்கப் எடுத்து உங்களிடம் வைத்திருங்கள்.

தங்கச்சியின் மகள் இப்போது புது முகவரியில் திரும்பக் கட்டியிருக்கிறாள். இலவச நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு ஒன்று மட்டும். கொம்பும் சுழியும் முட்டாமல் வரி இடைவெளியைக் கூட்டினாள். நிறங்களைக் குறைத்தாள். பெட்டிகளை வெள்ளைத் துணியில் வைத்துக் காலை வெளிச்சத்தில் போனால் எடுத்து, படங்களின் அளவைச் சுருக்கிப் போட்டாள். பார்த்தவர்கள் யார் டிசைன் செய்தது என்று கேட்கிறார்கள்.

பழைய முகவரி இன்னும் அவர் கையில்தான். அங்கே எங்கள் குழுவின் பெயரைக் கண்டு யாரும் காசு அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கும் சொல்லிவையுங்கள்.