உச்சிவெயிலில் எரிந்த முகப்பு விளக்கும் சத்தி சாலைப் பட்டறையும்

வெளிச்சத்துக்கேற்பத் தானாக எரிந்து அணையும் ‘ஆட்டோ’ நிலையில் வைத்திருந்த எங்கள் காரின் முகப்பு விளக்குகள் உச்சிவெயிலிலும் எரியத் தொடங்கியது, முன்கண்ணாடியை மாற்றிய மறுநாள்தான். கல் பட்டு விரிசல் விட்ட கண்ணாடியை மாற்றித் தந்த அதே சர்வீஸ் மையம், வெளிச்சத்தை அறியும் சென்சார் பழுதாகிவிட்டது, புதியதற்கு 11,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தது. அதுவரை ஒழுங்காக வேலை செய்த சென்சார் கண்ணாடியோடு சேர்ந்து எப்படிக் கெட்டது என்று கேட்டதற்கு அங்கே பதில் இல்லாததால், கோவை சத்தி சாலையில் கணபதிக்கு அருகிலுள்ள சிறிய ஆட்டோ எலெக்ட்ரிகல் பட்டறை ஒன்றுக்குக் காரைக் கொண்டு சென்றேன்.

அங்கிருந்த எலெக்ட்ரீசியன் எதையும் கழற்றும் முன், கண்ணாடிக்கு வெளியே நின்று சென்சாரின் மேல் டார்ச் ஒளியைப் பாய்ச்சினார்; சற்று நேரத்தில் விளக்கு அணைந்தது. சென்சாருக்கு உயிர் இருக்கிறது, போதிய வெளிச்சம்தான் அதற்குப் போய்ச் சேரவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. வறண்ட கண்ணாடியில் வைப்பரும் தானாக ஓடுகிறது என்று நான் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே ரியர்வியூ கண்ணாடியின் பின்மூடியைக் கழற்றினார். மழையை அறியும் சென்சாரும் ஒளியை அறியும் சென்சாரும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. அதை முன்கண்ணாடியோடு காற்றிடைவெளியின்றி இணைக்க வேண்டிய ஜெல் பட்டை பழையதாகவே இருந்து, தூசியும் குமிழிகளுமாக வெளுத்திருந்தது. ஒரு பக்கக் கிளிப் பூட்டப்படாததால் பெட்டி சாய்ந்து, கண்ணாடியின் கறுப்புப் புள்ளி விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதுப் பட்டை வைத்து, பெட்டியை நேராகப் பூட்டி, ஸ்கேனரில் ஒளி அளவு வெயிலில் ஏறுவதையும் துணியால் மூடினால் இறங்குவதையும் காட்டிய பிறகே 850 ரூபாய் வாங்கினார். (டாஷ்போர்டின் மேல் சென்சார் உள்ள கார் வைத்திருப்போர், அதன் மேல் விரிப்போ பிள்ளையாரின் நிழலோ விழுகிறதா என்று முதலில் பார்த்துவிடுவது செலவில்லாத சோதனை.)

அடுத்த வாரம் திருச்சூர் செல்லும் வழியில் குதிரான் சுரங்கத்தில் நுழைந்தபோது விளக்கு எரிய இரண்டு நொடி ஆனது. வெளியே வந்தும் உடனே அணையவில்லை. இது பழுதன்று. வாகன விளக்குகளுக்கான ஐ.நா. 48ஆம் விதியே, வெளிச்சம் 1,000 லக்ஸுக்குக் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே போனால் 2 நொடிக்குள் எரிய வேண்டும் என்றும், 7,000 லக்ஸைத் தாண்டினால் 5 நொடிக்கு மேல், 300 நொடிக்குள் அணைய வேண்டும் என்றும் சொல்கிறது. மர நிழல்களுக்கிடையே ஓடும்போது விளக்கு கண் சிமிட்டாமல் இருக்க இந்தத் தாமதம் தேவை.

பட்டறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். முன்பதிவு கிடையாது என்பதால் மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்தேன். ரசீது, துண்டுத்தாளில் பென்சிலால் எழுதியது. உத்தரவாதம் வாய்ச்சொல் மட்டுமே. காலை ஒன்பதரைக்கு முன் சென்றால் கூட்டம் குறைவு, ஞாயிறு விடுமுறை.