ஆறு ஸ்விட்ச் கிட்டார்: பிரையன் மே ஸ்பெஷல், சில வருடம் வாசித்த பிறகு

குயீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயின் சொந்தக் கிட்டாருடைய நகல்தான் பிரையன் மே ஸ்பெஷல். அதில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. அதன் ஆறு ஸ்லைடு ஸ்விட்ச். மற்றபடி சத்தத்திலோ, கழுத்தின் பிடியிலோ, ட்யூனிங் நிற்பதிலோ குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இந்த ஸ்விட்சுகளைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைப்பு. போன வாரம் சர்வீசுக்குக் கொடுத்த கிட்டார் திரும்பி வந்த லட்சணத்தைப் பார்த்ததும், இனி தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

வைத்திருப்பவர்களுக்கு அடிப்படை விவரம் தெரியும். 24 அங்குல ஸ்கேல் (கம்பியின் ஒலிக்கும் நீளம்), 24 ஃபிரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகள்), கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று ட்ரை-சோனிக் பிக்கப் (கழுத்துப் பக்கம் நெக், நடு, கம்பி முடியும் பக்கம் பிரிட்ஜ்), ஒரு வால்யூம், ஒரு டோன். ஸ்ட்ராட்டில் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) உள்ள ஐந்து நிலை ஸ்விட்ச் இதில் கிடையாது. ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு ஸ்விட்ச்: ஒன்று ஆன்-ஆஃப், இன்னொன்று ஃபேஸ், அதாவது அந்தப் பிக்கப்பின் சிக்னலைத் தலைகீழாக்குவது. இரண்டு பிக்கப் எதிர் ஃபேஸில் இருந்தால் ஒன்றையொன்று வெட்டிச் சத்தம் மெலியும். பிக்கப்புகள் மூன்றும் சீரிஸ் முறையில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைந்தவை. அதனால் இரண்டை ஆன் செய்தால் இரண்டின் வலுவும் கூடிக்கொண்டு வரும். ஸ்ட்ராட் பேரலல் இணைப்பு என்பதால் அங்கே இப்படி நடக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒற்றைப் பிக்கப் மூன்று சத்தம் (ஒற்றையாக இருக்கும்போது ஃபேஸ் ஸ்விட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது). இரண்டிரண்டாக மூன்று ஜோடி, ஒவ்வொன்றும் ஒரே ஃபேஸ், எதிர் ஃபேஸ் என்று ஆறு. மூன்றும் சேர்ந்தால் நான்கு. ஆக மொத்தம் 13 சத்தம். வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு இது பெரிய சொத்து.

மேடையில் கதை வேறு. எங்கள் குழு பெரும்பாலும் கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கிறது. எண்பதுகளின் ராஜா பாடல்களுக்கு கிளீன் ஆர்பெஜியோ (தெளிந்த சத்தத்தில் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது), அடுத்த பாட்டுக்கே டிஸ்டார்ஷன் (முரட்டு ராக் சத்தம்) என்று மாறி மாறி வரும். ரிதமுக்கு நான் வைத்திருப்பது பிரிட்ஜும் நடுவும், ஒரே ஃபேஸில். பல்லவி முடிந்து இடையிசையில் லீட் எடுக்க வேண்டுமென்றால் எனக்கு நெக்கும் நடுவும் எதிர் ஃபேஸில் வேண்டும். அதற்கு பிரிட்ஜை அணைக்கணும், நெக்கைப் போடணும், நெக்கின் ஃபேஸைத் தள்ளணும். மூன்று தள்ளல். பாடகர் கடைசி எழுத்தை இழுத்து முடிக்கிற நேரத்துக்குள் இது நடக்காது. நடந்தாலும், முதல் தள்ளலில் சத்தம் பாதியாக விழுந்து, இரண்டாவதில் தடித்து, மூன்றாவதில் மெலிந்து என்று ஒவ்வொரு படியும் ஸ்பீக்கரில் கேட்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மாமாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னொன்று. ஒரே ஒரு பிக்கப் மட்டும் ஆனில் இருக்கும்போது சுண்டுவிரல் தெரியாமல் அந்த ஸ்விட்சில் பட்டுவிட்டால் கிட்டார் ஊமையாகிவிடும். மூன்றும் ஆஃப் என்றால் சத்தமே வராது, வயரிங் அப்படி. கேபிள் போச்சோ, ஆம்ப் போச்சோ என்று கீபோர்டு வாசிப்பவர் பதறிப்போய் நம்மைப் பார்ப்பார்.

இது தயாரிப்பில் வந்த பிழை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூலக் கிட்டார் எப்படியோ நகலும் அப்படி. அந்த மூலத்தின் கதை தெரிந்தால் ஸ்விட்ச் மேல் உள்ள கோபம் கொஞ்சம் தணியும், எனக்குத் தணிந்திருக்கிறது. 1963 ஆகஸ்டில், லண்டனை ஒட்டிய ஃபெல்தமில், பிரையன் மே என்ற 16 வயதுப் பையன் கடையில் தொங்குகிற கிட்டாரை வாங்க வசதியில்லாமல் அப்பாவோடு சேர்ந்து தானே ஒன்றைச் செய்ய ஆரம்பித்தான். அப்பா ஹரால்ட் மே மின்னணுவியல் தெரிந்தவர். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். ட்ரெமோலோவுக்கு (கம்பியைத் தளர்த்திச் சுரத்தை அசைக்கும் அமைப்பு) ஒரு பழைய பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். ட்ரெமோலோ கைப்பிடி சைக்கிளின் பை மாட்டும் கம்பி, அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. ஃபிரெட்போர்டில் உள்ள புள்ளிகள் சிப்பிப் பொத்தான்கள். இரண்டு வருட உழைப்பு. அந்தக் கிட்டாரைத்தான் 2002இல் எலிசபெத் ராணியின் பொன்விழாவுக்கு பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரை மேல் நின்று வாசித்தார்.

அப்படி ஒன்றைச் செய்கிற பையன், எந்தப் பிக்கப்பையும் எந்தப் பிக்கப்போடும் எந்த ஃபேஸிலும் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஆறு ஸ்விட்ச் வந்ததில் ஆச்சரியமில்லை. அவரே மேடையில் பெரும்பாலும் பிரிட்ஜ்-நடு ஜோடியில்தான் நிற்கிறார். அவருடைய பாடல்களுக்கு அது போதும். ஒரே இரவில் முப்பது பாட்டு, முப்பது விதமாக வாசிக்கிற நம் ஊர் மேடைக்காக அந்தப் பையன் யோசித்திருக்க முடியாது.

சரி, சர்வீஸ் கதைக்கு வருகிறேன். என் வீடு கடற்கரைப் பக்கம். உப்புக் காற்று எல்லா உலோகத்தையும் தின்னும், ஸ்லைடு ஸ்விட்சின் உள்ளே இருக்கிற தகட்டை இன்னும் சீக்கிரம் தின்னும். முதலில் தள்ளும்போது மட்டும் கரகரக்கும். அப்புறம் தள்ளாமலே கரகரக்கும். கான்டாக்ட் கிளீனரை ஸ்விட்சின் இடுக்கில் லேசாக அடித்து, முன்னும் பின்னும் இருபது முப்பது முறை தள்ளினால் மாதக்கணக்கில் நிம்மதி. கதவுக் கீலுக்குப் போடுகிற எண்ணெய் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அது பிசுக்காகத் தங்கி தூசியை இழுத்துக்கொள்ளும். இதை வருடக்கணக்காகச் செய்துவந்தும் கடைசியில் நடுப் பிக்கப்பின் ஃபேஸ் ஸ்விட்ச் ஒரு பக்கம் முழுக்கச் செத்துவிட்டது. மாற்றியே ஆகணும்.

ஊரில் நல்ல பெயர் உள்ள ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். வயரிங் வரைபடத்தை பிரிண்ட் எடுத்து கிட்டார் பையிலேயே வைத்துக் கொடுத்தேன். புது ஸ்விட்ச் போட்டுத் திரும்பி வந்தது. கடையில் ஒவ்வொரு பிக்கப்பாகப் போட்டுக் காட்டினார்கள், மூன்றும் கணீரென்று கேட்டது. வீட்டுக்கு வந்து பிரிட்ஜையும் நடுவையும் சேர்த்துப் போட்டால், தடித்து வரவேண்டிய சத்தம் சளி பிடித்த மூக்கிலிருந்து வருவது போல வந்தது. நடுவின் ஃபேஸ் ஸ்விட்சை மறுபக்கம் தள்ளினேன், சரியானது. ஒயரைத் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டார்கள்.

போன் செய்தேன். “சத்தம் வருதே சார், அப்புறம் என்ன?” என்று பதில். எனக்குக் கோபம் வந்ததே அந்தப் பதிலில்தான். ஒற்றைப் பிக்கப்பில் ஃபேஸ் தெரியாது, ஜோடியாகப் போட்டுத்தான் பார்க்கணும் என்று விளக்கினேன். “நீங்க அந்த ஸ்விட்சை அந்தப் பக்கமே வெச்சிக்கோங்க சார்” என்றார். ஆறு ஸ்விட்சில் ஒன்று மட்டும் தலைகீழ் என்பதை இருட்டு மேடையில் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். இந்தக் கிட்டார் நம் ஊரில் அபூர்வம். அவர் கைக்கு தினமும் வருவது ஸ்ட்ராட்டும் லெஸ் பாலும். சோல்டரிங் வேலை அருமையாக இருந்தது, ஈயம் சொட்டுச் சொட்டாக இல்லாமல் மழமழவென்று உட்கார்ந்திருந்தது. ஆனால் பையில் இருந்த வரைபடம் நான் மடித்த மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வந்தது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் நானே திறந்தேன். இதே நிலைமையில் இருப்பவர்களுக்காகச் செய்முறை. முள் வைத்த பழைய மல்டிமீட்டர் ஒன்று வேண்டும், டிஜிட்டல் மீட்டரில் எண் துள்ளுவதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனையில் மீட்டரை வைத்து, மிகக் குறைந்த டிசி வோல்ட் அளவில் திருப்புங்கள். வால்யூம் முழுசாக. ஒரு பிக்கப்பை மட்டும் ஆன் செய்து, அதன் மேல் இரும்பு ஸ்குரூடிரைவரை ஒட்டிவைத்து வெடுக்கென்று எடுங்கள். முள் ஒரு பக்கம் லேசாகத் துள்ளும். ஃபேஸ் ஸ்விட்சைத் தள்ளிவிட்டு அதையே செய்தால் எதிர்ப்பக்கம் துள்ளும். இரண்டு நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான்: இரண்டிரண்டாகப் போட்டுக் கேட்கும்போது எந்த நிலையில் தடிக்கிறதோ அதுதான் ஒரே ஃபேஸ். தப்பான ஸ்விட்சைக் கண்டுபிடித்ததும் கம்பிகளைத் தளர்த்திப் பிக்கார்டை (ஸ்விட்சுகளை மூடியிருக்கும் மேல்தகடு) தூக்குங்கள். ஃபேஸ் ஸ்விட்சின் பின்னால் ஆறு கால் இருக்கும். ஓரத்து நான்கும் குறுக்காகப் பின்னியிருக்கும். ஒரு ஜோடிக்கு வரும் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் பற்றவைத்தால் தீர்ந்தது. வேலை பத்து நிமிஷம். கம்பிகளை மறுபடி ட்யூன் செய்து நிலைக்க வைக்கத்தான் நேரம் பிடிக்கும்.

இத்தனை சொல்லிவிட்டு அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பிரிட்ஜும் நடுவும் சீரிஸில் சேர்ந்து ஒரு ட்ரபிள் பூஸ்டர் (உயர் ஒலிகளைத் தூக்கிவிடும் பெட்டி) வழியாக வால்வ் ஆம்ப்புக்குள் போகும்போது வருவது கிட்டார் சத்தம் என்பதைவிட மனிதத் தொண்டைக்குப் பக்கம். இந்தப் பூஸ்டர்-ஆம்ப் சேர்க்கையைப் பிரையன் மே கற்றது ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகரிடம். அவருடைய நிகழ்ச்சி முடிந்ததும் காத்திருந்து, எப்படி இந்தச் சத்தம் என்று கேட்க, வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பும் ரேஞ்ச்மாஸ்டர் பூஸ்டரும் என்று அவர் சொன்னாராம். என்னிடம் ஏசி30 இல்லை, சின்ன வால்வ் ஆம்ப்தான். அதிலேயே வால்யூம் பத்தில் கத்துகிற கிட்டார் நாலுக்கு இறக்கினால் மணி போல் கிளீன் ஆகிறது. பெடலை மிதிக்காமல், ஸ்விட்சைத் தொடாமல், சுண்டுவிரலால் வால்யூமைத் திருப்பியே ஒரு பாட்டு முழுக்க ஓட்டிவிடலாம். மேடையில் என்னைக் காப்பாற்றி வருவது இந்த ஒன்றுதான். நெக்-நடு எதிர் ஃபேஸில் கெயினை ஏற்றினால் ஒரு கூவல் வரும், வேறு எந்தக் கிட்டாரிலும் எனக்கு அது வாய்த்ததில்லை. ரிசப்ஷன் ஹாலில் அது எடுபடும்போது சமையல்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

மற்ற பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 24 அங்குல ஸ்கேலில் 9 கேஜ் (மெல்லிய) கம்பி ரப்பர் மாதிரி வளையும், ஒன்றரை சுரம் இழுக்கலாம். எனக்குக் கை கனம், ஆகவே 10 போடுகிறேன். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் துணியால் அடியோடு துடைக்காவிட்டால் நம் வியர்வைக்கு ஒரு வாரத்தில் கறுத்துவிடும். பிரையன் மே தங்க முலாம் பூசிய கம்பி போடுகிறார். அதை ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன், சென்னையில் அது அவசியம் போலிருக்கிறது. ஸீரோ ஃபிரெட் (கழுத்தின் தலைப்பக்கம் திறந்த கம்பி உட்காருகிற கூடுதல் ஃபிரெட்) உண்டு என்பதால் திறந்த கம்பியும் அழுத்திய கம்பியும் ஒரே குணத்தில் ஒலிக்கும், ரொம்ப அழகு. ஆனால் ஆறு கம்பியும் எப்போதும் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பதால் முதலில் தேய்வதும் அதுதான். தேய்ந்தால் திறந்த கம்பி மட்டும் இரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிக்கொண்டேன், வேறு ஒரு ஆசாரி, தங்கமான வேலை.

இப்போது நண்பன் ஒருவன் கேட்கிறான்: “மச்சி, செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது, விலை நல்லா இறங்கியிருக்கு. வாங்கிடவா?” வேண்டாம்டா என்றுதான் சொன்னேன். அவனும் ரிசப்ஷன் வாசிப்பவன். பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாற்ற வேண்டும், ஒரே கிட்டாரோடு போகிறவன், நம் ஊரில் இதைத் தெரிந்து கை வைக்கிற ஆள் கிடைப்பதும் கஷ்டம். அவனுக்கு ஸ்ட்ராட் போதும். இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்றால் எப்படி என்று கோபித்துக்கொண்டான். சர்வீஸ் கடை மேல் உள்ள கடுப்பு ஆறாத நேரத்தில் என் வாயிலிருந்து வேறு பதில் வராது. அதே சமயம் என்னுடையதை விற்கிற யோசனையும் இல்லை.

எப்படியும் போய்ப் பார்க்கத்தான் போகிறான். ஆகவே அவனுக்கு: ஆறு ஸ்விட்சையும் ஒவ்வொன்றாக மெதுவாகத் தள்ளிக் கரகரப்பைக் கேள். திறந்த கம்பி ஆறையும் தனித்தனியாக அடித்து இரைச்சல் இருக்கிறதா பார். மூன்று பிக்கப்பையும் போட்டு, ஃபேஸ் ஸ்விட்ச் மூன்றையும் ஒரே பக்கம் தள்ளி ஒரு ஈ மேஜர் அடி. தடித்து வந்தால் சரி. மெலிந்து வந்தால் உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள், விலையில் குறைத்துக் கேள். மீட்டரும் ஸ்குரூடிரைவரும் என்னிடம் இருக்கிறது, கொண்டு வா, சரி பண்ணித் தருகிறேன்.