ஜாப்பரா, டென்ஸ் கருவியா?

ஜாப்பர், டென்ஸ் (தோல்வழி நரம்பு மின்தூண்டல்) இரண்டுமே உடலில் மெல்லிய மின்சாரம் செலுத்தும், சிறு பேட்டரியில் இயங்கும் கையடக்கப் பெட்டிகள்தான். மாற்று மருத்துவம் பேசிய ஹல்டா கிளார்க் பரப்பிய ஜாப்பரில் 9 வோல்ட் பேட்டரி, மின்துடிப்பை உண்டாக்கும் 555 டைமர் சில்லு, கையில் பிடிக்க இரண்டு செம்புக் குழாய்கள், ஏறக்குறைய 30 கிலோஹெர்ட்ஸ் அலை, அவ்வளவே. மலிவாக வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் அது உடலுக்குள் கிருமிகளைக் கொல்லும், புற்றுநோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றே இல்லை. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்களே என்பதுதான் என் அச்சம்.

டென்ஸ் அப்படி எதையும் வாக்களிப்பதில்லை. தோலில் ஒட்டும் பட்டைகள் வழியே நொடிக்குச் சில முதல் நூற்றுச் சொச்சம் துடிப்புகளை அனுப்பி, வலியுணர்வை மட்டுப்படுத்த முயல்கிறது. வலி ஆய்வாளர்கள் மெல்சாக், வால் இருவரும் 1965இல் வெளியிட்ட வாயில் கோட்பாடே, அதாவது தொடுவுணர்வுச் சைகைகள் தண்டுவடத்திலேயே வலிச் சைகைக்கு வாயிலை அடைக்கும் என்ற கருத்தே, இதன் அடிப்படை. எல்லோருக்கும் பலன் தருவதில்லை. ஆயினும் முதுகுவலிக்கு இதையே வாங்குவேன். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் தொடக் கூடாது.