கடலோர வீடு வாடகைக்கு: தை மாதத்தில் காட்டுவதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் கடலோரமாக ஒரு வீடு எடுத்துக் கொஞ்ச காலம் இருக்கலாம், லீவுக்காவது ஒரு மாதம் தங்கலாம் என்று நினைக்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் வாங்கிய 75,000 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை. அதே வீட்டுக்கு அதே பழைய படங்களோடு மறுபடியும் விளம்பரம் போட்டிருக்கிறார்கள்.

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் இருக்கிற வீடு. தை மாதம் புரோக்கர் கூட்டிப்போய்க் காட்டினார். அந்தச் சமயத்தில் நம் மேற்குக் கடல் குளம் போலக் கிடக்கும், வாசலில் இருந்து அலை வரைக்கும் அகலமாக மணல் இருக்கும். சுவரெல்லாம் புதுப் பெயின்ட், குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர், மாடியில் உட்கார்ந்தால் சூரியன் மறைவது தெரியும். ரிட்டையர் ஆனதில் இருந்து கடல் பக்கம் இருக்க ஆசைப்பட்ட அப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனி ஆடியில் தண்ணீர் ஏறுமா என்று நான் நேராகவே கேட்டேன். "இங்க ஏறாது சார், அதுக்குத்தானே தூண்டில் வளைவு போட்டிருக்கு" என்று, கரையரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிப் போட்டிருந்த தடுப்பைக் காட்டினார் புரோக்கர், வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று ஆமாம் என்றார். வாடகை 15,000, முன்பணம் ஐந்து மாத வாடகை, புரோக்கருக்குத் தனியாக ஒரு மாத வாடகை.

குடிபோன கொஞ்ச நாளிலேயே தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. நாங்கள் பார்க்கப்போன அன்றைக்கு டேங்கில் இருந்தது லாரித் தண்ணீர் என்று அப்புறம்தான் தெரிந்தது. கடற்கரை மணலுக்கு அடியில் மழைத்தண்ணீர் மெல்லிய அடுக்காக உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி அளவாகக் கோரி எடுப்பது அதனால்தான். இந்த வீட்டில் ஆழமாக போர்வெல் போட்டு மோட்டார் வைத்து இழுத்ததில் கீழே இருந்த உப்பு மேலே வந்துவிட்டது. குடிக்க கேன், குளிக்க லாரி என்று அந்தச் செலவெல்லாம் எங்கள் தலையில்.

பங்குனி முடிவதற்குள் பெயின்ட் உரிந்து சுவரில் உப்புப் பூத்தது. கூரைக்குள் கம்பி துருப்பிடித்து ஊதியிருந்ததை பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள், ஒரு நாள் அடுக்களையில் காங்கிரீட் துண்டே விழுந்தது. பாத்ரூம் ஸ்விட்சில் அம்மாவுக்கு ஷாக் அடித்தது. எலக்ட்ரீசியனை அனுப்புங்கள் என்று எத்தனை முறை போன் செய்தும் ஆள் வரவில்லை, நாங்களே காசு கொடுத்து மாற்றினோம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் கள்ளக்கடல் விஷயத்தில் அந்த வீட்டுக்காரர் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. கள்ளக்கடல் என்றால் காற்றும் இருக்காது மழையும் இருக்காது, தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கேயோ கிளம்பிய நீண்ட அலை சில நாள் கழித்து இங்கே வந்து திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட கடல்தான். நாங்கள் இருந்தபோதும் எச்சரிக்கை வந்தது, மீனவர்கள் வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டார்கள். இவரோ மாடியில் தங்க வந்த வெளியூர்ப் பிள்ளைகளிடம், அதெல்லாம் சும்மா சொல்றது, போய்க் குளிங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிப்போய்ச் சத்தம் போட்டுத்தான் அவர்களை மேலே கூட்டிவந்தார்.

ஆனியில் வாசல் மணல் போய்விட்டது. தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைப் பிடித்து வைத்தால் அடுத்த பக்கத்துக் கரையை அலை அரிக்கும், இந்த வீடு அரிக்கிற பக்கத்தில் இருக்கிறது. ராத்திரியில் தண்ணீர் வராந்தாவைத் தாண்டி உள்ளே வர, அப்பாவை நாற்காலியோடு தூக்கித் தெருவுக்குக் கொண்டுபோனோம். அப்போது அடுத்த வீட்டுப் பாட்டி சொன்னார்கள்: "ஆனி ஆடியில இந்த வீட்டுல ஆளு நிக்காது மக்களே, வருசா வருசம் இதுதான்." அதாவது வீட்டுக்காரருக்கும் புரோக்கருக்கும் எல்லாம் தெரியும்.

காலி செய்துவிட்டு முன்பணத்தைக் கேட்டால், 11 மாத ஒப்பந்தம் முடியவில்லை, பெயின்ட் போய்விட்டது, கழித்தால் ஒன்றும் மிச்சமில்லை என்கிறார் வீட்டுக்காரர். உப்பு தின்ற பெயின்டுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? இப்போது நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டும், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கவும் கூடாது. பதிவுக்கு நாங்கள் கேட்டபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். அப்படிச் சொல்கிற இடத்தில் பணம் கொடுக்காதீர்கள்.

வீடு பார்க்கப் போனால் புரோக்கர் இல்லாமல் இன்னொரு தடவை தனியாகப் போங்கள். நாலு வீடு தள்ளி இருக்கிறவர்களிடம் ஆனி ஆடியில் தண்ணீர் எதுவரை வரும் என்று கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். டேங்கை நம்பாமல் போர் தண்ணீரை மோட்டார் போட்டு வாயில் வைத்துப் பாருங்கள். பஞ்சாயத்துக் கதவு எண்ணும் வீட்டு வரி ரசீதும் கேளுங்கள். எங்களுக்கு அந்த ரசீதைக் கடைசிவரை காட்டவே இல்லை.