டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6: போர்ட் ஃபார்வர்டிங்குக்கு ஏற்ற ரவுட்டரா?
வெளி இணையத்திலிருந்து ஒரு போர்ட்டுக்கு (கதவு எண் போன்றது) வரும் இணைப்பை வீட்டுக்குள் உள்ள குறிப்பிட்ட கருவிக்குத் திருப்பிவிடுவதே போர்ட் ஃபார்வர்டிங். வீட்டு சிசிடிவியின் டிவிஆரை (காட்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டி) வெளியூரிலிருந்து பார்க்க விரும்புவோருக்கு இந்த ரவுட்டரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ‘நாட் ஃபார்வர்டிங்’ பக்கத்தில் வெளி போர்ட், உள் ஐபி, உள் போர்ட், புரோட்டோகால் ஆகியவற்றை நிரப்பிச் சேமித்தால் போதும். ஆனால் அதற்கு முன்பே டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் வசதி) பக்கத்தின் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ வழியாக டிவிஆருக்கு 192.168.0.120 போன்றதொரு முகவரியை ஒதுக்கிவிட வேண்டும், இல்லையேல் மின்சாரம் போய் வந்த பிறகு முகவரி மாறி, எழுதிய விதி பயனற்றுப் போகலாம். இவ்விரண்டும் தனித்தனி மெனுக்களில் இருப்பது புதியவர்களை அலைக்கழிக்கும். டிவிஆரின் ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றாமல் போர்ட்டைத் திறக்கவே கூடாது. ரவுட்டர் காட்டும் வான் (WAN) ஐபி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். அந்நிலையில் வெளியிலிருந்து வரும் இணைப்பு ரவுட்டரை எட்டாது என்பதால் ரவுட்டரைக் குறைகூறிப் பயனில்லை, நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டுப் பெறத்தான் வேண்டும்.